கஞ்சமலை என்று பெயரிட்டோம்

ஆத்தூர் லாரிகள் எடைமேடை ஏறும் சத்தம்
சுவர் வழியே வருகிறது.
ஜவ்வரிசிக் கிடங்கின் பின்புறம்
குளிரூட்டிய ஒற்றை அறை.
மாவு நுழையாதிருக்கக்
கதவிடுக்கில் ஈரச் சாக்கு.
உள்ளே நான், ஒரு கறுப்புப் பெட்டி,
கணக்கர் அர்த்தநாரி.

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது.
பெட்டிக்குத் தன் பெயர் தெரியவில்லை.
தன்னைத் தானே கூப்பிட்டுப் பார்த்து
பதில் வராமல்
சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தது.
பழையதற்கு என்ன பெயர் என்றேன்.
"சேர்வராயன். ஏழு வருசம் ஓடுச்சு.
போன மாசிக்கு டிஸ்க்கு போச்சு."
கொஞ்சமும் யோசிக்காமல்
"இதுக்குக் கஞ்சமலைன்னு வைங்க.
இரும்பு இருக்கிற மலை. தாங்கும்."
ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
கஞ்சமலை, கஞ்சமலை என்று கூப்பிட
நான்கு முறையும்
ஒரு மில்லி செகண்டுக்குள் ஏனென்றது.

அடுத்து கெர்னலுக்குச் சொல்ல வேண்டியவை.
ஒரு பூஜ்யம் விட்டால் விடியும்வரை தேடணும் என்பதால்
நோட்டைப் பார்த்து உரக்கப் படித்தபடி தட்டுகிறேன்:
இருநூற்று ஐம்பது
முப்பத்திரண்டாயிரம்
நூறு
நூற்று இருபத்தெட்டு.
"எந்தக் கிடங்கு மூட்டைம்மா இது?"
செமஃபோரை எப்படிச் சொல்வது.
ஒரே எடைமேடை, வெளியே நூறு லாரி,
ஒன்று இறங்கும்வரை மற்றது ஏறாமலிருக்கக்
கையில் கொடுக்கிற டோக்கன் என்றேன்.
டிராயரை இழுத்துத்
தகர வில்லைகளைக் காட்டினார்.
எழுபத்து மூன்றாம் நம்பர் மட்டும்
எப்பவோ தொலைந்துவிட்டதாம்.
"அதனால இன்னிக்கும்
எழுபத்திரண்டுக்கு அப்புறம் எழுபத்து நாலுதான்."

ஒரு லைப்ரரி இல்லை என்றது.
இறக்கலாமென்றால் இணைப்பில்லை;
ஏற்காட்டில் மழை போல, கேபிள் எங்கோ நனைகிறது.
பை அடியில் கிடந்த பழைய டிவிடியில்
அந்தக் கோப்பு இருந்தது, கீறலோடு.
மூன்றாவது தடவைதான் படித்தது.

எண்பத்தாறு சதவீதம்.
நீலக்கோடு அங்கேயே நிற்கிறது.
தொடாதே, தொடாதே என்று
என் விரல்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
அவர் தட்டுவடை செட் பொட்டலம் பிரிக்கிறார்.
பீட்ரூட் துருவல் கீபோர்டில் விழாமல்
நாற்காலியைத் தள்ளிப்போட்டுச் சாப்பிடுகிறோம்.
எண்பத்தாறு.
வெளியே எழுபத்து நாலு கூப்பிடுகிறார்கள்.
எண்பத்தாறு.
நான் இடது கையால் வாய் துடைக்கையில்
சொல்லாமல் கொள்ளாமல்
நூறு.

கடைசியாக இரண்டு ஸ்கிரிப்ட்,
ரூட்டாகத்தான் ஓட்ட வேண்டும்.
அந்தச் சொல் எனக்குத் தரப்படவில்லை.
இரும்புப் பெட்டியில், அரக்கு வைத்த உறையில்,
செயலாளர் கையெழுத்தோடு இருக்கிறது.
அர்த்தநாரி உறையை உடைத்தார், பதிவேட்டில் நேரம் குறித்தார்,
ஒரு விரலால் தட்டத் தொடங்கினார்.
நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.
காது மட்டும் எண்ணியது:
பதினான்கு.

திறந்தது.
உள்ளே மூட்டையில்லை, உறுப்பினரில்லை, பாக்கியில்லை.
உயிர் இருக்கிறதா என்று பார்க்க
நாங்கள் எப்போதும் கேட்கும் ஒரு அட்டவணை உண்டு.
பெயர் இரட்டை, உள்ளே ஒரே ஒரு வரி.
சொன்னதும் சிரித்தார்.
"என் பேரும் அப்படித்தானேம்மா.
திருச்செங்கோட்டு மலை மேல நிக்கிறாரே,
ரெண்டு பேரு, ஒரே உடம்பு."

அந்த ஒற்றை வரியிடம்
இன்று என்ன தேதி என்று கேட்டேன்.
பதினாறு என்றது.
சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது,
பதினேழு பிறந்து வெகு நேரமாகிவிட்டது.
ஐந்தரை மணி நேரம் பின்னால்
வேறு ஏதோ ஊர் நேரத்தில் இருக்கிறது பெட்டி.

"நேத்துக் கணக்கை முடிச்சு
கையெழுத்துப் போட்டாச்சும்மா"
என்றார் அர்த்தநாரி, கொஞ்சம் பதறி.
"இதைச் சீக்கிரம் இங்க கூட்டிட்டு வாங்க."